748 ஜிகாவாட் வெயிலும் பெரியபாளையத்து ஷீட்டுக் கூரையும்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் போய் வந்தவர்களுக்கு வெயில்னா என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செங்குன்றத்தில் ஆரம்பித்து ஊத்துக்கோட்டை சாலை முழுக்க வண்டிகள். ஆரணி ஆற்றங்கரையில் பவானி அம்மன் கோயில். வேப்பஞ்சேலை கட்டி வலம் வருகிற பெண்கள், பொங்கல் அடுப்புப் புகை, கோயிலைச் சுற்றி தேங்காய், மஞ்சள், வேப்பிலை, வளையல் கடைகள். பல கடைகளுக்குக் கூரை என்பது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, இல்லாவிட்டால் தகரம், அதுவும் இல்லாவிட்டால் தார்ப்பாய்.

அந்த ஷீட்டின் மேல் காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரை கொளுத்துகிற வெயிலும் "இந்தியாவின் மாபெரும் சூரிய ஆற்றல் வளத்தில்" ஒரு துளி. ஆனால் அந்தக் கடைக்குள் சுற்றுகிற ஃபேனுக்கு அதனால் ஒரு நயா பைசா லாபம் கிடையாது. ஏன் கிடையாது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாத எந்த "வள மதிப்பீடும்" வெறும் பொங்கல் வாழ்த்து மாதிரி தான். கேட்க நன்றாக இருக்கும், வயிறு நிறையாது.

எண் வந்த கதை

சோலார் பற்றி எந்த மேடையில் பேசினாலும், எந்தக் கல்லூரி செமினாரில் பேப்பர் படித்தாலும், மூன்று வாக்கியம் கட்டாயம் வரும். ஒன்று, இந்தியாவில் வருடத்துக்கு முந்நூறு நாள் வெயில். இரண்டு, நாட்டின் நிலப்பரப்பில் ஆண்டுக்கு 5,000 லட்சம் கோடி யூனிட் சூரிய சக்தி விழுகிறது. மூன்று, இந்தியாவின் சோலார் வளம் 748 ஜிகாவாட். இதைச் சொல்லி முடித்ததும் கைதட்டல். "ஆகா, நம்ம நாட்டில் இல்லாத வளமா!"

அந்த 748 எப்படி வந்தது என்று பார்த்தால் கைதட்டல் கொஞ்சம் குறையும். தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் போட்ட கணக்கு அது. நாட்டில் தரிசு என்று வகைப்படுத்தப்பட்ட நிலத்தில் 3 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, அதில் பேனல் போட்டால் எவ்வளவு என்று பெருக்கினால் 748. மாநில வாரியாகப் பிரித்தால் ராஜஸ்தான் 142, ஜம்மு காஷ்மீர் 111, மகாராஷ்டிரா 64, தமிழ்நாடு 17.67.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஏன் 3 சதவீதம்? ஏன் 2 இல்லை, ஏன் 6 இல்லை? 6 என்று வைத்தால் அதே வெயில், அதே நாடு, வளம் மட்டும் 1,496 ஜிகாவாட் ஆகிவிடும். சூரியனுக்கு இந்த விஷயமே தெரியாது. இது அளந்து வந்த எண் இல்லை, அனுமானத்தைப் பெருக்கி வந்த எண். அனுமானம் போடுவது தப்பில்லை. திட்டமிடுபவர்கள் போட்டுத்தான் ஆக வேண்டும். அந்த அனுமானத்தை மறைத்துவிட்டு விடையை மட்டும் பொக்கிஷம் மாதிரி தூக்கிக் காட்டுவது தான் தப்பு.

நிரூபணம் வேண்டுமா? 2025-ல் அதே நிறுவனம் தரையில் அமைக்கும் சோலாருக்குப் புது மதிப்பீடு வெளியிட்டது. இந்த முறை விடை 3,343 ஜிகாவாட். நாலு மடங்குக்கும் மேல்! இடைப்பட்ட வருடங்களில் இந்தியாவில் வெயில் நாலு மடங்கு ஆகிவிட்டதா என்ன? :-) மாறியது நிலத்தைக் கணக்கிடும் முறையும் பேனலின் திறனும் தான். புதிய முறை பழையதை விட நுணுக்கமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்தை அது எல்லாருக்கும் புரிய வைத்திருக்க வேண்டும். "வளம்" என்ற அந்த எண், நிலக்கரிச் சுரங்கத்தில் இத்தனை டன் இருக்கிறது என்பது போன்ற எண் அல்ல.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கடை போட்டால் தெருவில் போகிற எல்லாரும் வாங்குவார்கள் என்று வைத்துக்கொண்டு விற்பனையை எழுதி, அதையே லாபம் என்று காட்டினால் ஆடிட்டர் என்ன சொல்வார்? பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். நாட்டின் மின்சாரக் கணக்கில் மட்டும் அதே வேலைக்குக் கைதட்டல்.

வெயில் தான் எல்லாம் என்றால்...

வெயிலே தீர்மானிக்கிறது என்றால் ஜெர்மனி இந்தியாவுக்குப் பக்கத்திலேயே வந்திருக்கக் கூடாது. அங்கே ஒரு சதுர மீட்டரில் ஒரு வருடத்தில் விழுகிற சூரிய சக்தி, ராஜஸ்தானில் விழுவதில் பாதி அளவு தான். ஆனால் 2025 ஜனவரியில் ஜெர்மனியின் சோலார் 100 ஜிகாவாட்டைத் தாண்டியதாக அந்நாட்டுத் துறையினர் அறிவித்தார்கள். இந்தியா 100 ஜிகாவாட்டைத் தாண்டியது எப்போது? அதே 2025 ஜனவரி முடிவில்! வெயிலில் பாதி, நிலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு, மக்கள் தொகையில் பதினேழில் ஒரு பங்கு. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே மாதத்தில் ஒரே கோட்டைத் தொட்டார்கள்.

உலக வங்கி 2020-ல் எல்லா நாடுகளின் சோலார் வளத்தையும் ஒப்பிட்டு ஒரு அறிக்கை போட்டது. அதிக வெயிலுள்ள நமீபியாவுக்கும், பட்டியலின் அடியில் இருக்கும் அயர்லாந்துக்கும் பேனலிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தில் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு மடங்கு தான். அவ்வளவே. பெட்ரோலில், தங்கத்தில், தண்ணீரில் நாடுகளுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. வெயில் எல்லாருக்கும் இருக்கிறது. இல்லாதது மற்றவை.

உள்ளூரிலேயே உதாரணம் இருக்கிறது. 748 கணக்கில் ராஜஸ்தானுக்கு அடுத்த இடம் பழைய ஜம்மு காஷ்மீருக்கு, 111 ஜிகாவாட். அதை வெளியே கொண்டு வரக் கம்பி வேண்டுமே? 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை லடாக்கில் 13 ஜிகாவாட் திட்டத்துக்கான மின்பாதைக்கு ஒப்புதல் கொடுத்தது. ஹரியானா வரை 713 கிலோமீட்டர் கம்பி. செலவு 20,773 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் ஒன்று புள்ளி ஆறு கோடி. பேனலுக்கு இல்லை, கம்பிக்கு மட்டும். இதுவும் 111-ல் 13-க்குத் தான். மீதி 98 ஜிகாவாட் எந்தக் கம்பியில் வரும் என்று 748 சொல்லாது. அது சொல்லத் தெரியாத எண்.

தரிசு யாருடைய தரிசு?

"தரிசு நிலம் தானே, சும்மா கிடக்கிறது, பேனல் போட்டால் என்ன?" இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரியபாளையத்திலிருந்து வடக்கே, கும்மிடிப்பூண்டி வட்டத்துக்குள் கொஞ்ச தூரம் போனால் போதும். தேர்வாய் கண்டிகை என்று ஒரு ஊர். அங்கே ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் நிலம், சர்க்கார் ஏட்டில் யாருக்கும் சொந்தமில்லாத நிலம். 2000-களின் கடைசியில் அது சிப்காட் தொழிற்பூங்காவுக்கு என்று முடிவானதும் ஊர் திரண்டது. பெரும்பாலும் தலித் மக்கள். அவர்களுக்கு அது ஆடு மாடு மேயும் இடம், விறகு பொறுக்கும் இடம், மழைத் தண்ணீர் ஏரிக்கு இறங்கி வரும் வழி. போராட்டம், வழக்கு, கடைசியில் பிரான்ஸ் நாட்டு அமைப்பு வரை புகார் போனது. தொழிற்பூங்காவும் வந்தது, டயர் தொழிற்சாலையும் வந்தது.

அங்கே வந்தது சோலார் இல்லை. ஆனால் பாடம் ஒன்று தான். பட்டாவில் பெயர் இல்லாத நிலம் என்றால் பயன்படுத்த ஆள் இல்லாத நிலம் என்று அர்த்தம் இல்லை. செயற்கைக்கோள் படத்தில் புதரும் புல்லும் தான் தெரியும். புல்லை மேய்கிற ஆடு தெரியாது, ஆட்டை நம்பி இருக்கிற கிழவி தெரியவே மாட்டாள்.

ராஜஸ்தானிலும் இதே கதை தான். ஊர் மக்கள் சாமிக்கு என்று தலைமுறை தலைமுறையாக விட்டு வைத்த ஓரண் நிலங்கள் பல, ஏட்டில் தரிசு. அங்கே பேனலும் கம்பியும் வரும்போது ஊரார் எதிர்க்கிறார்கள். கானமயில் என்ற அழிந்து கொண்டிருக்கும் பறவை கம்பியில் மோதிச் சாகிறது என்பதால் 2021-ல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டு போகச் சொன்னது. பிறகு 2024-ல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. 142 ஜிகாவாட் என்று எழுதும்போது இந்த எதுவும் கணக்கில் இல்லை.

நல்ல உதாரணமும் சொல்லத்தான் வேண்டும். கர்நாடகாவில் பாவகடா. 2,050 மெகாவாட், ஏறக்குறைய 13,000 ஏக்கர். விவசாயிகளிடமிருந்து நிலத்தைப் பிடுங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாயில் ஆரம்பம். வறண்ட தாலுகாவில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது நிலையான வரும்படி. ஆனால் நிலமே இல்லாமல் அந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்களுக்குக் குத்தகை ஏது? நல்ல உதாரணத்திலேயே இந்த ஓட்டை. மதிப்பீடு போடும் போது யார் ஆதாயம் பெறுவார், யார் வேலை இழப்பார் என்று ஒரு பத்தி கூட இல்லாமல் போனால் கெட்ட உதாரணங்கள் தான் பெருகும்.

637, 118, 11

தரையை விடுங்கள், கூரையைப் பார்ப்போம் என்று சொல்பவர்கள் உண்டு. சரியான பேச்சு தான். கூரையில் ஆடு மேய்வதில்லை.

டெல்லியில் இருக்கும் எரிசக்தி, சுற்றுச்சூழல், நீர் ஆய்வு மன்றம் 2023-ல் வீட்டுக் கூரைகளைக் கணக்கெடுத்தது. இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் 637 ஜிகாவாட். வைத்தால் கட்டுபடியாகுமா என்று பார்த்தால் 118. போட்ட பணம் ஐந்து வருடத்துக்குள் திரும்ப வேண்டும், வீட்டுக்காரருக்கும் பணம் போட மனசு வேண்டும் என்று பார்த்தால் 11. மானியம் கொடுத்தால் அது 32 வரை ஏறலாம்.

637 எங்கே, 11 எங்கே! இது தான் நேர்மையான மதிப்பீடு. ஒரே பக்கத்தில் மூன்று எண்ணையும் வைத்து, எது எந்தக் கேள்விக்குப் பதில் என்று சொன்னார்கள். ஆனால் மேடைக்கு வந்தது எது என்று நினைக்கிறீர்கள்? 637 தான்.

ஏன் இப்படிச் சரிகிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே காரணம் இருக்கிறது. இங்கே வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரு ஃபேன், இரண்டு லைட், ஒரு டி.வி. வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பில் என்பதே சில நூறு ரூபாய். அவர் எதற்குக் கடன் வாங்கிப் பேனல் வைக்க வேண்டும்? 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்யகர் திட்டம் ஒரு கோடி வீடுகளுக்கு என்று சொல்கிறது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம். ஆனால் 1 கிலோவாட்டுக்கே சுமார் 10 சதுர மீட்டர் நிழல் விழாத உறுதியான கூரை வேண்டும். சொந்த வீடு வேண்டும். அதாவது மெத்தை வீடு உள்ளவருக்குத் தான் மானியம். குடிசைக்காரருக்கும் குடக்கூலிக்காரருக்கும் வாழ்த்து மட்டும்.

இப்போது பெரியபாளையத்துக் கடைக்காரரிடம் வரலாம். அவர் கூரை ஆஸ்பெஸ்டாஸ், பேனல் சுமையைத் தாங்காது. கடை வாடகை, கூரை அவருடையது இல்லை. இணைப்பு வணிக இணைப்பு, வீட்டு மானியம் பொருந்தாது. அவர் தலைக்கு மேல் விழும் வெயிலில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் அவருடைய சோலார் வளம் பூஜ்யம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சின்னப் பட்டறை வைத்திருப்பவரைப் பாருங்கள். அவருக்குப் பெரிய ஷெட் இருக்கிறது, பகலில் தான் மெஷின் ஓடுகிறது. இவரை விடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவர் கூரையில் அவரே போட்டு அவரே பயன்படுத்தும் மின்சாரத்துக்கு 2021-ல் நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று வந்தது. தாழ்வழுத்த இணைப்புக்கும் யூனிட் கணக்கில்! சிறு தொழில் சங்கங்கள் கத்திக் கத்தி 2023-ல் குறு, சிறு நிறுவனங்களுக்கு அது பாதியாகக் குறைந்தது. மின்வாரியத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நல்ல பில் கட்டுகிறவர்கள் எல்லாம் கூரைக்குப் போய்விட்டால் கம்பியைப் பராமரிக்கும் செலவை யார் தலையில் கட்டுவது? ஆனால் பாருங்கள், ஒரே ஒரு ஆணையில் ஒரு பட்டறையின் "வளம்" ஏறி இறங்குகிறது. வெயில் அப்படியே தான் இருக்கிறது.

பகல் பன்னிரண்டும் ராத்திரி எட்டும்

ஜிகாவாட் என்பது ஓடக்கூடிய வேகம், ஓடிய தூரம் இல்லை. இந்தக் குழப்பத்தில் பாதிப் பேச்சு ஓடுகிறது. தமிழ்நாட்டின் 17.67 ஜிகாவாட்டையும் ஒரு இஞ்ச் விடாமல் போட்டு முடித்தாலும், வெயில் இருக்கிற நேரத்துக்குத் தான் ஓடும். வருடத்துக்குச் சுமார் 2,900 கோடி யூனிட் கிடைக்கலாம். மாநிலத்தின் ஆண்டுத் தேவையோ 10,000 கோடி யூனிட்டைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. ஆக "முழு வளமும்" சேர்ந்து கால் பங்கு தேறினால் பெரிது.

அந்தக் கால் பங்கும் எப்போது வரும்? பகலில். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் உலைகள் ராத்திரியும் எரிகின்றன. வீடுகளில் லைட்டும் டி.வி.யும் ஏ.சி.யும் ஒன்றாக ஓடுவது சாயங்காலத்துக்கு மேல். 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். பகல் மின்சாரத்தைச் சேமித்து ராத்திரி திருப்பிக் கொடுக்க மாநிலத்தில் பல பத்தாண்டுகளாக இருந்தது காடம்பாறை நீரேற்று நிலையம், 400 மெகாவாட். பானைக்குள் யானையை அடைக்கிற கதை.

சேமிக்க வழியில்லாவிட்டால் என்ன ஆகும்? வீணாகும். கதை இல்லை, தீர்ப்பே இருக்கிறது. தமிழ்நாட்டில் சோலார் நிலையங்களை உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு போட்டதை எதிர்த்து உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அப்படிக் குறைத்ததில் பெரும்பகுதி மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காக இல்லை என்று சொல்லி, ஒப்பந்த விலையில் 75 சதவீதம் இழப்பீடு தரச் சொன்னது. அதாவது வெயில் இருந்தது, பேனல் இருந்தது, கம்பி இருந்தது. ஆனாலும் மின்சாரம் வரவில்லை. காரணம் எதுவாகவும் இருக்கட்டும், 748-க்குள் இந்த இழப்புக்கு இடமே இல்லை.

பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை. தொழிற்சாலை மூடல், தேவை குறைவு, வெயில் உச்சம். கூரையில் சோலார் வைத்தவர்கள் பகலில் அதை அணைத்து வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. மின்வெட்டில் தவித்த நாட்டில் மின்சாரம் அதிகம் என்று அணைக்கச் சொன்னார்கள்! முட்டாள்தனம் இல்லை இது. வெயிலை மட்டும் எண்ணிவிட்டு நேரத்தை எண்ணாமல் விட்டால் எந்த நாட்டுக்கும் வரக்கூடியது.

"அப்போ நிலக்கரியே போதுமா?"

இப்படிக் கேட்பார்கள் என்று தெரியும். போதாது. திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களிடம் நிலக்கரிக்கு வக்காலத்து வாங்க முடியாது. அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் என்ன செய்தது என்று மீனவர்களைக் கேட்டால் தெரியும். சோலார் விலையும் விழுந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் தமிழ்நாடு யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு ஒப்பந்தம் போட்டது. 2017-ல் ராஜஸ்தானில் பாத்லா ஏலத்தில் 2 ரூபாய் 44 காசு. சோலார் வேண்டும், வேகமாக வேண்டும்.

வேண்டும் என்பதால் தான் பொய்க் கணக்கு கூடாது. 2010-ல் தேசிய சூரிய மிஷன் ஆரம்பித்தபோது 2022-க்கு இலக்கு 20 ஜிகாவாட். 2015-ல் அதை 100 ஆக்கினார்கள், அதில் 40 கூரையில். 2022 முடிந்தபோது மொத்தம் 63 ஜிகாவாட் அளவில் நின்றது. பெரிய நிலையங்கள் ஓரளவு ஓடி வந்தன, கூரை தான் படுத்தது. தமிழ்நாடு 2012 கொள்கையில் 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றது, அதுவும் உரிய காலத்தில் எட்டவில்லை. எங்குமே வெயில் குறைந்ததால் இலக்கு தவறவில்லை. வெயிலை அளந்தவர்கள் கூரையையும் கட்டணத்தையும் கம்பியையும் அளக்காததால் தவறியது.

அடுத்த தடவை யாராவது "நம் நாட்டின் சோலார் வளம் இத்தனை ஜிகாவாட்" என்று சொன்னால் ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. யாருடைய நிலத்தில், யாருடைய கூரையில்? அவரிடம் கேட்டாயிற்றா?
2. அங்கிருந்து ஊருக்குக் கம்பி இருக்கிறதா? இல்லையென்றால் செலவு எவ்வளவு, யார் தலையில்?
3. எத்தனை மணிக்கு வரும்? மீதி நேரத்துக்கு என்ன ஏற்பாடு?
4. விளைந்த மின்சாரத்தை வாங்குவார்களா, இல்லை அணைக்கச் சொல்வார்களா?
5. ஷீட்டுக் கூரைக்காரருக்கு இதில் என்ன பங்கு?

ஐந்துக்கும் பதில் எழுதிய பிறகு மிஞ்சுவது எத்தனையோ அது தான் வளம். 748-ஐ விடவும் 3,343-ஐ விடவும் சின்ன எண்ணாகத் தான் இருக்கும். இருக்கட்டுமே. சின்ன எண்ணை வைத்துத் திட்டம் போடலாம், பெரிய எண்ணை வைத்துப் பேச்சு மட்டும் தான் போட முடியும்.

ஐந்தாவது கேள்விக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். சொந்தக் கூரை இல்லாதவர்கள் பலர் சேர்ந்து, வேறொரு பொதுக் கட்டிடத்தின் கூரையில் பங்கு வாங்கி, அந்த யூனிட்டைத் தங்கள் பில்லில் கழித்துக்கொள்ளும் முறையை டெல்லி போன்ற இடங்களில் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பெரியபாளையத்தைச் சுற்றிலும் பள்ளிக்கூடமும் அரசு அலுவலகமும் இல்லாமலா இருக்கிறது? அந்த மொட்டை மாடிகளில் ஒரு தேங்காய்க் கடைக்காரருக்கு இரண்டு பேனல் பங்கு கிடைக்கிற நாளில், அவர் தலைக்கு மேல் இருக்கிற வெயிலை நாட்டின் வளம் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அதுவரைக்கும் அது வெறும் வெயில் தான். ஆடி மாசத்தில் கூட.

டிஸ்கி: இது சோலாருக்கு எதிரான கட்டுரை இல்லை. கணக்குப் பாடத்தில் ஃபெயிலாகிவிட்டு பாஸ் என்று சொல்லிக்கொள்வதற்கு எதிரான கட்டுரை.